கடலை எண்ணெயில் உலோக அளவு: இயற்கை முறைக் கடலையையும் உரமிட்ட கடலையையும் எப்படி ஒப்பிடுவது?

பள்ளத்தூர் செக்கடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்கு அருகே பள்ளத்தூரில் மோட்டார் பூட்டிய வாகை மரச்செக்கு ஒன்றை எங்கள் குடும்பம் நடத்தி வருகிறது. கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் ஆட்டி உள்ளூரில் கொடுக்கிறோம். மலேசியாவின் ஈப்போவில் இருக்கும் கொழுந்தனார் மகன், அங்குள்ள கடை ஒன்றில் எங்கள் எண்ணெயை வைக்கலாம் என்றும், அதற்கு முன் காரீயம், காட்மியம் முதலிய உலோகங்களுக்குப் பரிசோதனைச் சான்று வேண்டும் என்றும் கேட்டார். இயற்கை முறையில் விளைந்த கடலையில் ஆட்டிய எண்ணெயில் உலோகம் குறைவாக இருக்கும் என்பதையும் அந்தச் சான்றை வைத்தே சொல்லிவிடலாம் என்பது அவருடைய எண்ணம்.

அதன்படி, ரசாயன உரமே போடாத ஒரு குழுவினரிடம் வாங்கிய கடலையையும், வழக்கம்போல் டி.ஏ.பி. போட்டு விளைவித்த கடலையையும் தனித்தனியே ஆட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டில் வெளியூர்ப் பரிசோதனைக்கூடம் ஒன்றுக்கு அனுப்பினோம். வந்த முடிவு நாங்கள் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருக்கிறது. கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில், இயற்கை முறை எண்ணெயில் இரும்பு 4.6, துத்தநாகம் 2.8, செம்பு 0.31, காரீயம் 0.062. உரமிட்ட கடலையின் எண்ணெயில் இரும்பு 1.9, துத்தநாகம் 0.9, செம்பு 0.12, காரீயம் '0.01-க்குக் குறைவு'. காட்மியம் இரண்டிலும் '0.005-க்குக் குறைவு' என்றே போட்டிருக்கிறார்கள்.

உரம் போடாத நிலத்துக் கடலையில் காரீயம் கூடுதலாக வருவது எப்படி? கடலை கொடுத்தவர்கள் எங்களிடம் உண்மையைச் சொல்லவில்லையா, அல்லது பரிசோதனையில் ஏதேனும் கோளாறா? அந்தக் குழுவினரைக் கேட்பதற்கு முன் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன். யாரையும் வீணாகச் சந்தேகிக்க மனம் ஒப்பவில்லை.

அளவையாளர் எழுதியது:

ஆச்சி, கடலை கொடுத்தவர்களைச் சந்தேகிப்பதற்கு இந்த அறிக்கையில் எந்த ஆதாரமும் இல்லை. உணவுப் பரிசோதனைக்கூடம் ஒன்றில், உலோகங்களை அவற்றின் அணு நிறையால் பிரித்து அளக்கும் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியை நெடுங்காலம் இயக்கியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

முதலில், கடலையில் உள்ள உலோகம் எண்ணெய்க்குள் எவ்வளவு வரும் என்பதைப் பார்ப்போம். பருப்பில் இருக்கும் உலோகங்கள் பெரும்பாலும் புரதத்தோடும் பைட்டேட் என்னும் பாஸ்பரஸ் சேர்மத்தோடும் பிணைந்திருப்பவை. எண்ணெயில் அவை கரைவதில்லை. ஆட்டும்போது பெரும்பகுதி புண்ணாக்கோடு போய்விடுகிறது. ஒரு கணக்குக்காக, பருப்பில் கிலோவுக்கு 0.06 மில்லிகிராம் காட்மியம் இருப்பதாக வைத்துக்கொண்டால், 100 கிலோ பருப்பில் 6 மில்லிகிராம் இருக்கும். அதிலிருந்து 40 கிலோ எண்ணெய் வந்து, அதில் கிலோவுக்கு 0.005 மில்லிகிராமே இருந்தாலும், எண்ணெய்க்குப் போனது மொத்தம் 0.2 மில்லிகிராம்தான். மீதி 5.8 மில்லிகிராம் புண்ணாக்கில் கிடக்கிறது. ஆகவே நிலத்தின் வேறுபாட்டை எண்ணெயில் தேடுவது, அந்த வேறுபாடு மிக மங்கலாகத் தெரியும் இடத்தில் தேடுவதாகும். நிலக்கடலையில் நிலத்தையும் உரத்தையும் காட்டக்கூடிய முக்கிய உலோகம் காட்மியம்தான். உங்கள் அறிக்கையில் அது இரண்டு எண்ணெயிலும் அளக்கும் எல்லைக்குக் கீழே போய்விட்டது. எனவே இயற்கை முறையா, உரமிட்ட முறையா என்ற கேள்விக்கு இந்த அறிக்கை எந்தப் பதிலும் தரவில்லை.

'0.005-க்குக் குறைவு' என்பதைப் பூச்சியம் என்றும் படிக்க வேண்டாம். அரை கிராம் எண்ணெயை அமிலத்தில் செரித்து 50 மில்லிலிட்டராக்கினால் மாதிரி நூறு மடங்கு நீர்த்துப்போகிறது. கருவி லிட்டருக்கு 0.05 மைக்ரோகிராம் வரை நம்பகமாக அளந்தால், எண்ணெயில் அது கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், அதாவது 0.005 மில்லிகிராம். அதற்குக் கீழே ஒன்றில் 4, மற்றொன்றில் 1 என்று இருந்தாலும் அறிக்கையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

இனி நீங்கள் கவலைப்பட்ட காரீயத்துக்கு வருவோம். அது தனியாகக் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள். செம்பு, துத்தநாகம், காரீயம் ஆகிய மூன்றும் சேர்ந்தே கூடியிருக்கின்றன. செம்பும் துத்தநாகமும் கலந்தது பித்தளை. கடைசலுக்கு எளிதாக இருப்பதற்காக, குழாய், திருகு முதலியவை செய்யும் பித்தளையில் 2 முதல் 3 சதவீதம் வரை காரீயம் சேர்ப்பது உலகெங்கும் வழக்கம். சுத்திகரிக்காத செக்கு எண்ணெயில் இயல்பாகவே இருக்கும் கொழுப்பு அமிலங்கள் பித்தளையை மெல்ல அரிக்கும். ஆதலால் என் முதல் கேள்வி நிலத்தைப் பற்றியது அன்று: இயற்கை முறை எண்ணெயை எந்தப் பாத்திரத்தில் வைத்திருந்தீர்கள்?

இரண்டாவது கேள்வி, தெளிந்த எண்ணெயை அனுப்பினீர்களா, கலங்கலோடு அனுப்பினீர்களா? ஆட்டியவுடன் எண்ணெயில் மிதக்கும் மண்டி என்பது புண்ணாக்கின் நுண்துகளும், பாஸ்போலிப்பிடு என்னும் பாஸ்பரஸ் கலந்த கொழுப்பும் சேர்ந்தது. இரும்பும் துத்தநாகமும் அதில்தான் அதிகம். வெயிலில் வைத்துத் தெளிவித்த எண்ணெயின் மேற்பகுதியில் எடுத்த மாதிரியும், அடியில் எடுத்த மாதிரியும் ஒரே டின்னிலிருந்து வந்தவையாக இருந்தாலும் இரண்டு வேறு எண்ணெய்களைப் போல் முடிவு தரும்.

ஆய்வகத்தாரிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. எண்ணெயைச் செரிப்பது அரிசியைச் செரிப்பது போல் எளிதன்று. நைட்ரிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்து, மூடிய டெஃப்ளான் கலத்தில் நுண்ணலை அடுப்பில் 200 டிகிரி அளவுக்குச் சூடேற்றுவார்கள். கொழுப்பு வாயுவாகும்போது அழுத்தம் சட்டென்று ஏறுவதால், சிலர் வெப்பத்தைக் குறைத்துப் பாதியிலேயே நிறுத்திவிடுவதுண்டு. தண்ணீர் விட்டு அளவு கூட்டியதும் மேலே வெள்ளைப் படலமோ மெழுகு போன்ற துகளோ மிதந்தால் செரிப்பு முழுமையாகவில்லை என்று பொருள். மிஞ்சிய கரிமம் ஆர்கானோடு சேர்ந்து 52 என்ற நிறையில் குரோமியத்தைப் போலவே தோன்றும். ஆர்செனிக்கின் அளவையும் பொய்யாகக் கூட்டிக் காட்டும். இரும்பின் 56 என்ற நிறையிலும் ஆர்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த அயனி வந்து விழுகிறது. இவற்றை விலக்க ஹீலியம் வாயு செலுத்தும் மோதல் அறையைப் பயன்படுத்தினார்களா என்று கேளுங்கள். அதோடு, மாதிரி போடாமல் அமிலத்தை மட்டும் செரித்த வெற்று அளவு என்ன, தெரிந்த அளவு உலோகத்தை எண்ணெயில் சேர்த்து அளந்தபோது எத்தனை சதவீதம் திரும்பக் கிடைத்தது என்ற இரண்டு எண்களையும் எழுதி வாங்குங்கள். திரும்பக் கிடைப்பது பொதுவாக 80 முதல் 120 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இவற்றைத் தரத் தயங்கும் கூடத்தின் அறிக்கையை நான் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆலங்குடி செம்மண் எழுதியது:

மேலே எழுதியவர் எண்ணெயிலிருந்து தொடங்கினார். வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது சொந்த நிலத்தில் கடலை போடுகிறவன் என்பதால் நான் மண்ணிலிருந்து தொடங்குகிறேன்.

மற்றப் பயிர்களைப் போல வேர் வழியாக மட்டும் கடலை சத்தை எடுத்துக்கொள்வதில்லை. பூ மேலே பூத்தாலும் விழுது மண்ணுக்குள் இறங்கித்தான் காய் பிடிக்கிறது; அந்தக் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராகவே உறிஞ்சிக்கொள்கிறது. அதனால்தான் விதைத்த 45-ஆம் நாளை ஒட்டி ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்கிறோம். காட்மியம் கடலையில் ஏறுவதற்கு மணற்பாங்கும் புளிப்பும் உள்ள மண் மிகவும் தோதானது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் கடலையில் காட்மியச் சிக்கல் எழுந்ததும் அத்தகைய இளகிய மண்ணில்தான். நம் பக்கத்துச் சரளைச் செம்மண்ணிலும் பல இடங்களில் பி.எச். அளவு (இது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 6-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஒரே வாய்க்காலின் இருபுறத்திலும் உள்ள வயல்களில்கூட இது மாறும். ஆகவே, ஆச்சி, உங்கள் இரண்டு கடலையும் எந்தெந்த ஊர் மண்ணில் விளைந்தவை என்று தெரியாமல், வேறுபாட்டை உரத்தின் கணக்கில் எழுத முடியாது.

உரத்தால் எவ்வளவு காட்மியம் வரும் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் 23 கிலோ பாஸ்பரஸ் பென்டாக்சைடு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் நடைமுறைப்படுத்திய வரம்பு, ஒரு கிலோ பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்கு 60 மில்லிகிராம் காட்மியம். நம் மூட்டையிலும் அதே அளவு இருப்பதாக வைத்துக்கொண்டால், மூட்டைக்கு ஏறத்தாழ 1.4 கிராம். ஓர் ஏக்கரில் அரை அடி ஆழத்து மேல்மண் சுமார் 900 டன். ஆண்டுக்கு ஒரு மூட்டை வீதம் இருபது ஆண்டுகள் போட்டாலும், மண்ணில் கூடுவது கிலோவுக்கு 0.03 மில்லிகிராம் அளவுதான். அதே நேரத்தில் அது மக்கிப் போகிற பொருளும் அன்று. நேற்று உரத்தை நிறுத்திவிட்டு இன்று சான்று வாங்கிய நிலத்தில் பழைய காட்மியம் அப்படியே இருக்கும்.

இயற்கை முறையிலும் உலோகம் உள்ளே வரும் வழிகள் இருக்கின்றன. பாறைப் பாஸ்பேட் அனுமதிக்கப்பட்டது, டி.ஏ.பி.யும் அதே பாறையிலிருந்து வருவதுதான். நகரக் குப்பையில் செய்த மக்கு உரத்துக்கு நம் உரக் கட்டுப்பாட்டு ஆணை விதித்துள்ள உச்ச அளவு, கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராம், காரீயம் 100 மில்லிகிராம். அந்த வரம்பைத் தொடும் மக்கு உரத்தை ஏக்கருக்கு 5 டன் கொட்டினால் 25 கிராம் காட்மியம் ஒரே பருவத்தில் நிலத்துக்குப் போகிறது. மேலே சொன்ன டி.ஏ.பி. மூட்டைகள் பதினேழு பதினெட்டுக்குச் சமம். கோழி எருவில் தீவனத்தின் வழியாக வந்த செம்பும் துத்தநாகமும் இருக்கும். சொந்தத் தொழுவத்துச் சாணத்தை மட்டும் போட்டவரையும், லாரியில் வந்த எருவைப் போட்டவரையும் 'இயற்கை' என்ற ஒரே சொல்லில் அடக்கி மாதிரி எடுத்தால் முடிவு குழம்பத்தான் செய்யும். எந்த எரு, எங்கிருந்து, எத்தனை வண்டி என்பதைக் குழுவினரிடம் கேளுங்கள். அதைக் கேட்பது சந்தேகிப்பதாகாது. கணக்கு எழுதுகிறவர்கள் மகிழ்ச்சியோடு சொல்வார்கள்.

இன்னொன்று. காயைத் தார் ரோட்டில் காய வைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. பெட்ரோலில் காரீயம் சேர்ப்பது 2000-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டாலும், சாலையோர மண்ணில் படிந்தது எங்கும் போய்விடவில்லை. ஓட்டோடு காயும்வரை பெரிய பாதகமில்லை. உடைத்த பருப்பை அங்கே உலர்த்தக் கூடாது.

பள்ளத்தூர் செக்கடி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. உரமிட்ட கடலையின் எண்ணெய் அதிகம் என்பதால் அதை எவர்சில்வர் டிரம்மில் தெளிய வைத்தோம். இயற்கை முறைக் கடலை குறைவாகவே கிடைத்ததால், அந்த எண்ணெய் எங்கள் மாமியார் காலத்துப் பித்தளை அண்டாவில், அடியில் குழாய் வைத்தது, மூடிக் கிடந்தது. பாட்டிலையும் அந்தக் குழாயைத் திறந்துதான் பிடித்தார்கள். உள்ளே பூசிய வெள்ளீயம் பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது. குழாய் வாயில் பச்சையாகக் களிம்பு இருப்பதை இன்று பார்த்தேன். அண்டாவிலிருந்த எண்ணெய் டிரம்மில் இருந்ததைவிடச் சீக்கிரமாகச் சிக்கு வாடை அடித்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

எருவைப் பற்றிக் குழுவினரிடம் கேட்டேன். அவர்களில் இருவர் தொழுவச் சாணமும், ஒருவர் விலைக்கு வாங்கிய கோழி எருவும் போட்டிருக்கிறார்கள். மூன்று வீட்டுக் கடலையும் எங்களிடம் ஒன்றாகக் கலந்துதான் வந்தது.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

பித்தளை விஷயம் தெளிவாகிவிட்டது. ஆனாலும், இயற்கை முறைக்கும் மற்ற முறைக்கும் வேறுபாடே இல்லை என்ற தொனியில் பேச்சு போவதை நான் ஏற்கவில்லை. 343 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்து 2014-இல் பிரிட்டிஷ் ஊட்டச்சத்து ஆய்விதழில் வெளியான பகுப்பாய்வு, இயற்கை முறை விளைபொருள்களில் காட்மியம் சராசரியாக 48 சதவீதம் குறைவு என்று சொல்கிறது. அதை ஒதுக்கிவிட்டு மண், பாத்திரம் என்று மட்டும் பேசுவது நியாயமாகப் படவில்லை.

ஆச்சிக்கு வணிக முறையில் ஒரு குறிப்பு. நீங்கள் கடலை வாங்கும் குழு, விவசாயிகளே ஒருவர் நிலத்தை ஒருவர் சரிபார்த்துச் சான்று தரும் பி.ஜி.எஸ். முறையில் பதிந்ததாக இருந்தால், அந்தச் சான்று உள்நாட்டு விற்பனைக்கு மட்டுமே உதவும். இங்கிருந்து இயற்கை விளைபொருள் என்று பெயரிட்டு ஏற்றுமதி செய்ய, தேசிய இயற்கை உற்பத்தித் திட்டமான என்.பி.ஓ.பி.யின் சான்று வேண்டும், அது நிலத்துக்கு மட்டுமன்றி ஆட்டும் இடத்துக்கும் வேண்டும். இரண்டு கடலையையும் ஒரே செக்கில் ஆட்டுவதாக இருந்தால், இடையில் செக்கைச் சுத்தம் செய்ததற்கும் தனித்தனியே சேமித்ததற்கும் பதிவேடு கேட்பார்கள். எந்தச் சான்றும் விளைவித்த முறைக்குத் தரப்படுவதே ஒழிய, உலோகம் இவ்வளவுதான் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமாகத் தரப்படுவதில்லை. ஆகவே உலோகப் பரிசோதனை அறிக்கையைக் காட்டி இயற்கை முறை என்று நிறுவவும் முடியாது.

அளவையாளர் எழுதியது:

ரஸ்தா ஐயா சொன்ன 48 சதவீதம் சரிதான். அது பல பயிர்களின் சராசரி; அதில் தானியங்களின் பங்கே பெரிது. அதே பகுப்பாய்வில் காரீயத்திலும் ஆர்செனிக்கிலும் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. வேறுபாடு இல்லை என்று நான் சொல்லவில்லை. எண்ணெய்ப் பாட்டில் இரண்டை வைத்து அதைக் காண முடியாது என்பதே நான் சொல்வது.

ஆச்சி, சிக்கு வாடைக்கும் உங்கள் அண்டாவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. செம்பும் இரும்பும் எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெடுவதை விரைவுபடுத்துபவை. அவற்றுள் செம்பு மிகச் சிறிய அளவிலேயே அந்த வேலையைச் செய்துவிடும். சுத்திகரிக்காத எண்ணெய்க்குக் கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தரம் வைத்திருக்கும் உச்ச அளவு, கிலோவுக்கு இரும்பு 5 மில்லிகிராம், செம்பு 0.4 மில்லிகிராம். உங்கள் அண்டா எண்ணெய் இந்த இரண்டு உலோகத்திலும் வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனால் விளிம்பை ஒட்டி இருக்கிறது. காரீயம் 0.062 என்பதும் ஐரோப்பிய வரம்பான 0.1-க்குக் கீழேதான். ஆயினும் காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றைச் சொல்ல முடியாது எனக் கருதி, உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் வல்லுநர் குழு 2010-இல் தன் பழைய வரம்பையே விலக்கிக்கொண்டது. எனவே அண்டாவை எண்ணெய்க்கு வைத்துக்கொள்ள வேண்டாம். புதிதாக வெள்ளீயம் பூசினாலும் குழாயின் உட்பகுதிக்குப் பூச்சு போகாது.

ஒப்பீட்டை மறுபடி செய்வதானால், எண்ணெயை விட்டுவிட்டுப் பருப்பை அளக்கச் சொல்லுங்கள். கோழி எரு போட்டவரின் கடலையைத் தனியே வாங்குங்கள். ஒவ்வோர் இயற்கை முறை வயலுக்கும், அதே ரகத்தை அதே பருவத்தில் உரமிட்டு விளைவித்த பக்கத்து வயல் ஒன்றை இணையாகப் பிடியுங்கள். இணைகள் ஐந்தாறாவது இல்லாமல் எதையும் முடிவாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு வயலின் மேல்மண்ணிலும் பி.எச். அளவும் காட்மியமும் பார்க்க வேண்டும். பருப்பைச் சிவப்புத் தோலோடு அரைத்து அனுப்புங்கள். தோலில் காட்மியத்தின் அடர்த்தி அதிகம் என்பதோடு, நீங்கள் செக்கில் போடுவதும் தோலோடுதான். பைகளில் 'இயற்கை' என்று எழுதாமல் எண் மட்டும் இட்டு அனுப்புவது நல்லது.

எண்ணெயையும் பார்த்தே ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் முதலில் கொஞ்சம் கடலையைப் போட்டு ஆட்டி அந்த எண்ணெயை ஒதுக்கிவிட்டு, அடுத்ததில் மாதிரி எடுங்கள். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊற வைத்துக் கழுவிய பிளாஸ்டிக் புட்டிகளை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்கலாம். அதே ஈட்டின் புண்ணாக்கையும் சேர்த்து அனுப்பினால், எண்ணெயிலும் புண்ணாக்கிலும் உள்ள மொத்த உலோகம் பருப்பில் இருந்த மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க முடியும். கூடுதலாக வந்தால் அந்த மிகுதி செக்கிலிருந்தோ பாத்திரத்திலிருந்தோ வந்தது. இரும்பில் கட்டாயம் கூடும். உரலின் உட்பட்டையும் உலக்கையின் பூணும் இரும்பாக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

காட்மியத்துக்காக இவ்வளவு செலவு தேவைதானா என்பதைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாளுக்கு 25 கிராம் வீதம் மாதம் 750 கிராம் எண்ணெய் சாப்பிடுகிற ஒருவருக்கு, அதில் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் காட்மியமே இருந்தாலும் கிடைப்பது 3.75 மைக்ரோகிராம். அதே வல்லுநர் குழுவின் அளவுப்படி 60 கிலோ எடையுள்ளவருக்கு மாத வரம்பு 1,500 மைக்ரோகிராம். மாதம் 9 கிலோ அரிசி சாப்பிட்டால், கிலோவுக்கு வெறும் 10 மைக்ரோகிராம் இருந்தாலே 90 மைக்ரோகிராம் வந்துவிடுகிறது. ஆகையால் காட்மியத்துக்காகக் கடலை எண்ணெயை மாற்ற வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. சுத்திகரிக்காத கடலை எண்ணெயில் நான் முதலில் பார்க்கச் சொல்வது பூஞ்சணம் பிடித்த பருப்பிலிருந்து வரும் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு. உரமிட்டதா இல்லையா என்ற வேறுபாடெல்லாம் அதற்குக் கிடையாது.

பள்ளத்தூர் செக்கடி எழுதியது:

எண்ணெயை எவர்சில்வருக்கு மாற்றிவிட்டேன். புண்ணாக்கில்தான் உலோகம் தங்குகிறது என்றால், எங்கள் புண்ணாக்கை வாங்கிப் பசுவுக்குப் போடுகிறவர்களுக்குப் பாலில் வருமா?

அளவையாளர் எழுதியது:

காட்மியம் பசுவின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்குமே தவிர, பாலுக்கு மிகக் கொஞ்சமே போகும். புண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் இருந்தால் அது உருமாறிப் பாலில் இறங்கும். இந்தியாவில் பாலுக்கு அதன் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். ஆகவே அடுத்த முறை ஆய்வகத்துக்கு எண்ணெய் அனுப்பும்போது, அதே ஈட்டுப் புண்ணாக்கில் கால் கிலோவை அஃப்ளாடாக்சின் பரிசோதனைக்கென்று தனியே எழுதி அனுப்புங்கள். பூஞ்சணம் ஆங்காங்கே திட்டாக இருக்கும் என்பதால், ஒரு மூட்டையின் வாயில் மட்டும் அள்ளாமல் பல மூட்டைகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து, அதிலிருந்து அந்தக் கால் கிலோவை எடுக்க வேண்டும்.